பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேர் வந்த கதை

பெக்கோக்கில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் முதல் போன் காளிதாசுக்குத்தான் வரும். ஆம்புலன்சை அப்புறம் கூப்பிட்டுக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷம் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். லாரிகளைக் குத்தகைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டோம், இனி நீ வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னதும் பழைய வேன் ஒன்றை வாங்கினார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதற்கப்புறம் நோயாளிகள். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டால் ஒரு ஆள் தாராளமாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம்.

ஜொகூர் பாரு, மலாக்கா, கோலாலம்பூர் என்று அவர் வேன் நிற்காத ஆஸ்பத்திரி வாசல் இல்லை. எந்த வாசலில் காவல்கார ஜாகா முறைப்பான், எங்கே வண்டியை நிழலில் போடலாம், எந்தக் கேன்டீனில் மீ கோரேங் வாயில் வைக்கிற மாதிரி இருக்கும், எந்த வார்டு நர்ஸ் மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியும், எல்லாம் அத்துப்படி. வைத்தியத்தைப் பற்றி மட்டும் ஒரு மண்ணும் தெரியாது. அதை அவரிடம் சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

கபீர் பாய் கடையில் தே தாரிக் கிளாசை முன்னால் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்.

"பிரசவமா, டவுன் ஆஸ்பத்திரிக்கே போ, தங்கமான மிஸ்ஸிங்க. கண்ணுக்குன்னா கோலாலம்பூரு. எலும்பு, புண்ணு, காலு எல்லாத்துக்கும் மலாக்காவுல அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரி. உள்ள போனாலே பாதி சீக்கு போயிடும். ஜொகூரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் கால்ல புண்ணோட போயிடாத. நடந்து போவ, தூக்கிட்டு வருவாங்க."

"அங்கயும் டாக்டருங்கதானண்ணே இருக்காங்க?" என்பார் கபீர் பாய், ரொட்டி மாவை வீசிக்கொண்டே.

"பாய், நான் கண்ணால பாத்தவன். எட்டு வருஷத்துல அந்த வாசல்லேருந்து ஒத்தக் காலோட பதினோரு பேரை ஏத்திட்டு வந்திருக்கேன். கண்ணாடி ஆஸ்பத்திரிலேருந்து ஒருத்தர் கூட அப்படி வரல. அலாமாக், இதுக்கு மேல என்னா சொல்லணும்?"

பதினோரு பேர் என்றதும் கடையில் இருக்கிற எல்லோரும் தங்கள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தில் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி இல்லாத வீடு கிடையாது. காளிதாஸ் வாயிலிருந்து வருவது லாபிஸ் வரைக்கும் பரவும்.

அந்த வருஷச் சித்திரைத் திருவிழாவில் அவர் மனைவி செல்வராணி பால்குடம் எடுத்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவள். வயது ஐம்பத்து மூன்று, பதினோரு வருஷமாக இனிப்பு நீர். ஊர்வலம் கிளம்புவதற்கு வழக்கம்போலத் தாமதமாகி, கோயிலுக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. தார் ரோடு உருகிக்கிடந்தது. பால்குடம் எடுத்த மற்றப் பெண்கள் ஐயோ அம்மா என்று ரோட்டோரப் புல்லுக்கு ஓடினார்கள். செல்வராணி மட்டும் நடு ரோட்டில், முகம் சுளிக்காமல், நிதானமாக நடந்து வந்தாள்.

"ஆத்தா தாங்கிக்கிட்டா பாருங்க" என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். காளிதாசுக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்சாப்பில் போட்டார். ஜொகூர் பாருவில் தங்கி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மகள் ஷர்மினி கும்பிடுகிற கை நாலு அனுப்பினாள். அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சியே செத்துப்போயிருக்கிறது என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பாவி மனிதர்கள், செத்துப்போன காலைப் பக்தி என்று கும்பிட்டார்கள்.

ஊர்வலம் போன ஒன்பதாம் நாள் கேன்டீனில் பாத்திரம் கழுவும்போது செல்வராணிக்கு ஏதோ நாறியது. தொட்டிக்கு அடியில் எலி செத்துக்கிடக்கிறது என்று நினைத்து, முட்டி போட்டுத் தேடினாள். டெட்டால் ஊற்றிக் கழுவினாள். வீட்டுக்கு வந்தும் அதே நாற்றம். அப்புறம்தான் சிலிப்பரைக் கழற்றிப் பார்த்தாள். கட்டை விரலுக்கு அடியில் ஐம்பது காசு அகலத்துக்கு ஓட்டை, சுற்றிலும் கறுப்பு.

கிளினிக்கில் பார்த்ததும் பயந்துபோய், ரத்தக்குழாயைச் சோதிக்க வேண்டும், ஜொகூர் பாருவுக்குத்தான் போகணும் என்று கடிதம் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். காளிதாஸ் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வேனை ஓட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. வார்டுக்கு வெளியே நடைபாதையில் ஒரு கட்டிலைப் போட்டு, மேலே ஒரு காற்றாடியைத் திருப்பிவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவர் இருமிக்கொண்டே இருந்தார். கழிப்பறைக்கு வரிசை. காளிதாஸ் எல்லாவற்றையும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். ஒரு மணி நேரத்தில் டாக்டர் வந்தது. மலாய்க்காரப் பெண், ஷர்மினி வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்த முகம். கையுறை போட்டுக்கொண்டு புண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. படம் எடுக்க அனுப்பியது. படம் வந்ததும் மறுபடி வந்து, கட்டிலில் உட்கார்ந்து செல்வராணியிடமே பேசியது. தேன்மொழி என்ற மிஸ்ஸி தமிழில் எடுத்துச் சொன்னாள்.

"அக்கா, டாக்டர் என்னா சொல்றாங்கன்னா, கட்டை விரலும் அதுக்குப் பக்கத்து விரலும் போயிடுச்சு. எலும்புக்குள்ள கிருமி எறங்கிடுச்சு. இன்னிக்கு சாயங்காலமே ரெண்டு விரலையும் எடுத்துட்டா பாதம் தப்பிச்சிடும். நீங்க நடக்கலாம். நாள் போச்சுன்னா எது வரைக்கும் எடுக்கணும்னு அவங்களால சொல்ல முடியாது."

செல்வராணி கழுத்தை நீட்டிக் காலைப் பார்த்தாள்.

"ரெண்டு விரலுதான? எடுத்துக்கச் சொல்லுங்க மிஸ்ஸி. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் லீவு, அது முடியறதுக்குள்ள ஆறிடுமா?"

"அடிப் பைத்தியம்," என்றார் காளிதாஸ். "என்னாமோ நகம் வெட்ற மாதிரி பேசற. மெட்டி போட்ட விரலுடி அது."

"மெட்டிய இன்னொரு கால்லயே ரெண்டா போட்டுக்கறேன். உங்களுக்கு என்னா?"

தேன்மொழி சிரித்துவிட்டாள். காளிதாசுக்கு ஆத்திரம் வந்தது. கையெழுத்துத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகள் வரட்டும் என்றார்.

மகள் வேலை முடிந்து சிங்கப்பூர்ப் பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்று, சாயங்காலம் கால் வலிக்க வந்து சேர்ந்தாள். அப்பாவும் மகளும் மாடிப்படியில் நின்று பேசினார்கள்.

"இங்க வெட்றதுதாம்மா வேலை. பதினோரு பேரை நான் பாத்துட்டேன். மொதல்ல விரலும்பாங்க, அப்பறம் பாதம்பாங்க, அப்பறம் முட்டி. லாபிஸ் டீச்சரம்மாவுக்கு என்னா ஆச்சு? மில்லு வாட்ச்மேனுக்கு என்னா ஆச்சு?"

ஷர்மினி போனைத் தடவினாள். "இந்த ஆஸ்பத்திரிக்கு மூணு ஸ்டாரு கூட இல்லப்பா. பாருங்க, 'ஆறு மணி நேரம் காத்திருந்தோம்'. 'பார்க்கிங் இல்லை'. 'ஜாகா மரியாதை இல்லாமல் பேசினான்'. மலாக்காவுல அந்த எடத்துக்கு நாலு புள்ளி ஏழு."

"அதுல என்னா போட்டிருக்கு?"

"ரூம்பு சுத்தம். எல்லாரும் சிரிச்ச முகம். கீழ கோப்பி கடை நல்லாருக்கும்."

"நான் சொல்லல?" என்றார் காளிதாஸ்.

கோப்பி நன்றாக இருக்கும் என்பதை அப்பனும் மகளும் என்னமோ பெரிய வைத்தியக் குறிப்பு மாதிரி படித்தார்கள். யாரைச் சொல்லி என்ன, பயந்தவர்களுக்குக் கையில் கிடைத்ததுதான் சாஸ்திரம்.

கட்டிலுக்குத் திரும்பிச் சொன்னபோது செல்வராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் வரல. அந்தப் பொண்ணு எங் கண்ணைப் பாத்துச் சொல்லிச்சு. பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது."

"ராணி, ஊரே எங்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவுது. உனக்கு நான் கெடுதல் பண்ணுவேனா?"

"ஊருக்குச் சொல்லுங்க. இது எங் காலு."

"ம்மா, பிளீஸ் லா," என்று ஷர்மினி அழ ஆரம்பித்தாள். "ஒரு தடவ வேற டாக்டரைப் பாப்போம். அவங்களும் அதே சொன்னா பண்ணிக்கலாம்."

மகள் அழுதால் செல்வராணிக்குத் தாங்காது. தாள் கொண்டுவரச் சொன்னாள். டாக்டர் சொல்லியும் கேளாமல் என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற தாள் அது. பேனாவை வாங்கியவள் காளிதாசை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் மறுபடி ஓடி வந்து மலாயில் ஏதேதோ சொன்னது, கெஞ்சுகிற மாதிரியே இருந்தது. காளிதாஸ் "தெரிமா காசே, தெரிமா காசே" என்று நன்றி சொல்லியபடியே சக்கர நாற்காலியைத் தள்ளினார்.

தேன்மொழி வேன் வரைக்கும் வந்தாள். "அண்ணே, மனசு மாறுனா நாளைக்கே வாங்க. வெக்கப்படாதீங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கண்ணாடி ஆஸ்பத்திரியில் உள்ளே போனதுமே குளிர்ந்தது. பன்னீர் மாதிரி ஏதோ வாசனை. தனி அறை, ஜன்னலில் கடல். சாப்பாட்டுக்கு நாலு விதம் எழுதின அட்டை. காளிதாஸ் சேமநிதிப் பணத்தில் கை வைத்திருந்தார், அதனால் எல்லாமே அவருக்கு இன்னும் அழகாகத் தெரிந்தது. அறையைப் போட்டோ எடுத்து ஊர் குரூப்பில் போட்டார். கபீர் பாயும் மற்றவர்களும் 'நல்ல இடம்' என்று எழுதினார்கள்.

அங்கிருந்த டாக்டர் வயசானவர், நல்ல மனிதர். புண்ணைப் பார்த்ததும் அவரும் அதையேதான் சொன்னார், விரலை எடுக்க வேண்டும் என்று. காளிதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், உங்க பேரைக் கேட்டுத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்கோம். வெட்டாம எதாச்சும்..."

"ஒரு வாரம் மருந்து ஏத்திப் பாக்கலாம். எனக்கு நம்பிக்கை கொறைவு. நீங்க கேக்கறதால செய்யறேன்னு ஃபைல்ல எழுதிடுவேன்."

காளிதாஸ் காதில் விழுந்தது ஒரு வாரம் பார்க்கலாம் என்பது மட்டும்தான். வெளியே வந்து மகளிடம், "பாத்தியா, இங்க டாக்டருன்னா யோசிக்கறாங்க" என்றார்.

மூன்று நாள் பரவாயில்லை என்றே தோன்றியது. கட்டுப் பிரிக்கிற பெண் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஆறாம் நாள் காய்ச்சல் அடித்தது. எட்டாம் நாள் கெண்டைக்கால் வரை சிவப்புக் கோடு ஏறியிருந்தது. பாதம் முழுக்கக் கருங்கல் நிறம். செல்வராணி காய்ச்சல் பிதற்றலில் சாப்பாட்டு அட்டையைப் பார்த்துக் கேன்டீன் பிள்ளைகள் பெயரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் காளிதாசை வெளியே கூப்பிட்டார். "இப்ப விரலு, பாதத்தோட முடியாது. காலையே எடுக்கணும். சிறுநீரகமும் தடுமாறுது. ஐ.சி.யூ.வுல எத்தனை வாரம் இருக்கணுமோ, இங்க செலவு உங்களால தாங்க முடியாது. ஜொகூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நான் பேசிட்டேன். இந்த மாதிரி கேஸ் அவங்கதான் தெனமும் பாக்கறாங்க. அவங்க கைதான் கை."

"நீங்க இதை மொதல்லயே..."

"மொத நாளே சொன்னேனே," என்றார் டாக்டர், வருத்தமாக.

ஆம்புலன்சில் அவளை ஏற்றிவிட்டு, காளிதாஸ் வேனில் பின்னாலேயே போனார். யோங் பெங் தாண்டியதும் மழை கொட்டியது. முன்னே போகிற விளக்கு கண்ணிலிருந்து மறையும்போதெல்லாம் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாய்விட்டு அழுதார். வேனுக்குள் யாரும் இல்லை, தாராளமாக அழலாம்.

அதே வார்டு. அதே தேன்மொழி. ஒரு வார்த்தை ஏன் என்று கேட்கவில்லை. தாளைக் காளிதாசிடம் நீட்டினாள், இந்த முறை செல்வராணிக்குப் பேனா பிடிக்க நிதானம் இல்லை. தொடைக்குப் பாதியில் எடுத்தார்கள். நாலு மணி நேரம் கழித்து அந்த மலாய் டாக்டர் வெளியே வந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டது.

காளிதாசுக்கு அப்போதுதான் வெறி வந்தது. தேன்மொழியைப் பார்த்துக் கத்தினார். "பண்ணிட்டீங்கல்ல? வெட்டாம விட மாட்டீங்கல்ல? எனக்குத் தெரியும்! பதினோரு பேரு, இவளோட பன்னண்டு!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேன்மொழி அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அண்ணே, உங்க வேனு எனக்கு நல்லாத் தெரியும். லாபிஸ் டீச்சரை நீங்கதான் கொண்டு வந்தீங்க. மொதல்ல அவங்களை எங்க கூட்டிட்டுப் போயிருந்தீங்க?"

"மலாக்காவுக்கு."

"எத்தன நாளு?"

"பத்து... பன்னண்டு நாளு இருக்கும்."

"மில்லு வாட்ச்மேனு?"

"அவன் மொதல்ல குளுவாங்ல ஒரு சீன வைத்தியரைப் பாத்தான். அப்பறம் மலாக்கா."

"யாரு சொல்லி?"

காளிதாஸ் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்துப் பார்த்தார்.

"எங்க வார்டுல விரலை மட்டும் குடுத்துட்டுப் போனவங்க எத்தனையோ பேருண்ணே. அவங்க அஞ்சாம் நாளு பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவாங்க. உங்க வேனு அவங்களுக்கு எதுக்கு? காலு போனவங்கதான் உங்களைக் கூப்பிடுவாங்க, படுத்துட்டுப் போகணுமில்ல. எல்லா எடமும் சுத்திட்டுக் கடைசியாதான் எங்ககிட்ட வர்றீங்க. வந்தப்பறம் வெட்றோம்னு சொல்றீங்க."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த கட்டிலில் மணி அடித்தது, போய்விட்டாள். காளிதாஸ் அந்தப் பதினோரு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். ஒன்பது பேரை அவரே முதலில் வேறு எங்கோ கொண்டு போயிருந்தார். இரண்டு பேர் அவர் பேச்சைக் கேட்டு வீட்டிலேயே பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு கிடந்தவர்கள்.

மூன்று வாரம் கழித்துப் பின்னிருக்கையைக் கழற்றிப் போட்டு மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தில் கட்டில். செல்வராணி அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தண்ணி, சோறு, மாத்திரை, அவ்வளவுதான். ஒரு மத்தியானம் அவர் அவளுக்குக் கஞ்சி ஊட்டப் போனபோது கிண்ணத்தைக் கையால் தடுத்தாள்.

"கை நல்லாத்தான் இருக்கு, நானே குடிச்சிக்கறேன். எங் கோவம் காலு போனதுக்கில்ல. சக்கர வந்தா போவும்னு தெரிஞ்சுதான் கெடந்தேன். நான் சரின்னேன், என் வாயால சரின்னேன். அது உங்களுக்கு ஒரு வார்த்தயாத் தெரியலையே."

காளிதாஸ் அவள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அழுதார். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

விஜயன் வந்தது அதற்கு மறுநாள். செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறவன், நாற்பது வயது, ஊரில் எல்லோருக்கும் வேண்டியவன். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு மைலோ டின்னும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே வந்தான். ஒரு காலில் சிலிப்பர். இன்னொரு காலில் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தான்.

"என்னாடா காலுல?" என்றார் காளிதாஸ்.

"ஒண்ணுமில்லண்ணே, ஆலையில தகரம் கிழிச்சிடுச்சு. ரெண்டு வாரமா ஆற மாட்டேங்குது. வலி கிலி இல்ல."

வலி இல்லை என்றதும் காளிதாசுக்குப் பால்குட ஊர்வலம் ஞாபகம் வந்தது. அவனை உட்காரவைத்துப் பையை அவரே பிரித்தார். சுண்டு விரல் கறுத்திருந்தது. அந்த நாற்றம் இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"டேய், இன்னிக்கே கிளம்பு. பெரிய ஆஸ்பத்திரிக்கு. நான் கொண்டு போறேன், காசு வேணாம். இப்பவே வா."

விஜயன் கட்டிலைப் பார்த்தான். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் படிந்தும் கிடந்தது.

"அண்ணே... அக்காவுக்கு அங்கதானண்ணே எடுத்தாங்க?"

"அங்கதாண்டா. ஆனா நான் லேட்டாக் கொண்டு போனேன். அவங்க மொதல்லயே சொன்னாங்க, நான்தான் கேக்கல. தப்பு எம்மேலடா."

"ச்சே, அப்டி சொல்லாதீங்கண்ணே. நீங்க என்னா பண்ணுவீங்க பாவம்."

"விஜயா," என்றாள் செல்வராணி. "ரெண்டு விரலுதான் கேட்டாங்க. நான் குடுக்கறேன்னேன். இவரு வுடல. எட்டு நாள் கழிச்சுக் காலையே குடுத்தோம். இவரு சொல்றத இதுவரைக்கும் ஊரே கேட்டீங்க. இப்பதான் மொத தடவ உண்மைய சொல்றாரு. கேளு."

விஜயன் தலையை ஆட்டினான். துக்க வீட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினான். நொந்துபோனவர்கள் எதையாவது சொல்வார்கள், எதிர்த்துப் பேசக்கூடாது. ஆரஞ்சை மேசையில் அடுக்கினான். அக்கா நல்லா சாப்பிடுங்க என்றான். பையைக் காலில் மறுபடி சுற்றிக்கொண்டு, அவசரமாக வேலை இருக்கு, யோசிச்சிட்டுச் சொல்றேண்ணே என்று எழுந்தான்.

வாசலில் மோட்டாரில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்தான். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"மச்சான் ரூபேந்திரா, காளிதாஸ் அண்ணன் வீட்லேருந்து பேசறேன். பாக்க முடியலடா, அக்காவுக்குத் தொடை வரைக்கும் எடுத்துட்டாங்க. ஆமா, பெரிய ஆஸ்பத்திரியிலதான். அண்ணன் முன்னாடியே சொல்லிட்டே இருந்தாரு, அதே மாதிரி ஆயிடுச்சு. மனசு ஒடஞ்சி என்னென்னமோ பேசறாரு. நாளைக்குக் காடி எடுத்துட்டு வா, மலாக்காவுக்குப் போயிடலாம்."

காளிதாஸ் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினார்.

"டேய் விஜயா! ஒரு விரலுதாண்டா கேப்பாங்க! குடுத்துடுடா!"

மோட்டார் சத்தத்தில் அவனுக்கு என்ன கேட்டதோ தெரியவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "சரிண்ணே, அக்காவைப் பாத்துக்குங்க" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.